மனை, விதி, விளையாட்டு: நில அரசியலின் ஒரு பக்கம்

கோடை விடுமுறையில் ‘டிரேட்’ அல்லது ‘பிசினஸ்’ என்ற அட்டை விளையாட்டை ஆடியிராதவர்கள் நம்மில் குறைவு. வண்ண வண்ணப் போலி நோட்டுகள், பம்பாய், தில்லி, மதராஸ் என்று கட்டம் கட்டமாக விலைக்கு நிற்கும் ஊர்கள், வங்கிக்காரராக இருந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கும் மூத்த பிள்ளை. ஓர் ஊரை வாங்கிவிட்டால் அதன்பின் உழைக்க வேண்டியதில்லை; அந்தக் கட்டத்தில் வந்து விழுபவர் எல்லாம் வாடகை தந்துவிட்டுப் போவார். கடைசியில் ஒருவர் கையில் எல்லாம் இருக்கும், மற்றவர்கள் சலித்துப்போய்த் தொலைக்காட்சி பார்க்கச் சென்றிருப்பார்கள். இந்த ஆட்டத்தின் மூதாதை நிலவுடைமையைக் கண்டித்துச் செய்யப்பட்ட அரசியல் பிரசாரம் என்பது ஆடிய காலத்தில் நமக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904ஆம் ஆண்டு ‘நிலக்கிழாரின் விளையாட்டு’ என்ற ஆட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஹென்றி ஜார்ஜ் என்னும் பொருளியல் சிந்தனையாளரின் வழியில் நின்றவர் அவர். 1879இல் வெளியான ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்ற நூலில் ஜார்ஜ் எழுப்பிய கேள்வி எளிமையானது: நாடு செழிக்கச் செழிக்க ஏழைகள் ஏன் பெருகுகிறார்கள்? நிலத்தின் மதிப்பைச் சமூகம் முழுவதும் சேர்ந்து உயர்த்துகிறது, பலனையோ நிலத்தை வளைத்து வைத்திருப்பவர் மட்டும் அள்ளிக்கொள்கிறார் என்பது அவருடைய விடை. மேகி இந்த விடையைப் பலகையில் வரைந்தார். அவருடைய பலகையில் ஏழைகள் விடுதி உண்டு. அத்துமீறி நுழைந்தால் சிறைக்கு அனுப்பும் பிரபுவின் தோட்டம் உண்டு. பின்னர் இரண்டு வகை விதிகளையும் வைத்தார். ஒன்றில் நிலத்தின் பயன் எல்லோருக்கும் போய்ச்சேரும்; மற்றொன்றில் ஒருவர் மட்டும் எஞ்சுவார். இரண்டையும் ஆடிப் பார்க்கும் குழந்தை அநீதியைத் தானே உணர்ந்துகொள்ளும் என்று அவர் நம்பினார்.

வரலாறு இரண்டாவது விதியை மட்டும் வைத்துக்கொண்டது. கைமாறிக் கைமாறிச் சார்லஸ் டாரோ என்பவரிடம் வந்த ஆட்டத்தை, அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935இல் ‘மோனோபொலி’யாக விற்கத் தொடங்கியது. மேகிக்குக் கிடைத்தது 500 டாலர், அவ்வளவுதான். ரால்ப் ஆன்ஸ்பாக் என்ற பொருளியல் பேராசிரியர் 1970களில் நடத்திய வழக்கினால்தான் அந்த அம்மையாரின் பெயர் மீண்டும் வெளியே வந்தது. நிலத்தை அபகரிப்பதைக் கண்டித்துச் செய்த ஆட்டமே அபகரிக்கப்பட்டது என்பதில் உள்ள கசப்பான நகைச்சுவை ஒருபுறமிருக்க, நமக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. ஒரு விளையாட்டின் அரசியல் அதன் கதையில் இருப்பதைவிட அதன் விதிகளில் ஆழமாக இருக்கிறது. விதியை மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும்.

இதைத் தாம்பரத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போகப் போக மனை விற்பனை விளம்பரங்கள்தாம். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கட்டம். ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்’ என்ற தொடரில் எந்த வாகனத்தில் ஐந்து நிமிடம் என்பது மட்டும் சொல்லப்படுவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் கல் நட்டு வாங்கிய அரை கிரவுண்டு இன்று ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வாங்கத் தவறியவரின் பிள்ளை அதே தெருவில் வாடகைக்கு இருக்கிறார்.

ஆனால் இந்த ஆட்டம் முப்பது ஆண்டுக் கதை மட்டுமன்று. தாம்பரம் அன்று அடங்கியிருந்த செங்கற்பட்டு மாவட்டம் மிராசு முறைக்குப் பெயர்பெற்றது. ஊரின் நிலத்தில் பங்கு கொண்டவர் மிராசுதார். உழுத நிலம் மட்டுமல்லாமல் தரிசின் மீதும் முதல் உரிமை அவருக்கே. உழைக்கும் தலித் மக்கள் தரிசைக் கேட்டு மனுச்செய்தாலும் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கும். குடியிருக்கும் குடிசையின் அடிமனைகூடப் பெரும்பாலும் அவர் தயவில்தான். எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும். மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் இந்த நிலைமையை விவரித்து அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். குறிப்பிட்ட காலம் வரை விற்கக்கூடாது, அதன்பின் விற்றாலும் அச்சமூகத்தாருக்கே விற்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. ஹென்றி ஜார்ஜின் நூலுக்கும் மேகியின் பலகைக்கும் நடுவே, இங்கே ஓர் அரசு ஆட்டத்தின் விதியைத் திருத்தப் பார்த்தது எனலாம். திருத்தம் ஏட்டில் நின்றது. பஞ்சமி நிலங்கள் பல வழிகளில் கைமாறின. அவற்றை மீட்கக் கோரி 1994ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டுக்கு இருவர் பலியாயினர்.

இந்தப் பின்னணியோடு கணினி விளையாட்டுக்கு வருவோம். நகரத்தை உருவாக்கும் விளையாட்டுகளுக்கெல்லாம் தாய் ‘சிம்சிட்டி’. வில் ரைட் வடிவமைத்து மேக்சிஸ் நிறுவனம் 1989இல் வெளியிட்டது. அதற்கு முன் ரைட் குண்டு போடும் விமான விளையாட்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்; தீவுகளை அழிப்பதைவிட அவற்றை வரைவது தமக்கு இன்பமாக இருந்தது என்பதைக் கண்டுகொண்டார். அந்த இன்பத்திற்குக் கணக்குச் சட்டகம் தந்தது ஜே ஃபாரெஸ்டர் என்ற பொறியாளரின் ‘நகர இயங்கியல்’ என்ற 1969ஆம் ஆண்டு நூல். ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டிக்கொடுப்பது நகரத்திற்கு நன்மையைவிடத் தீமையே செய்யும் என்ற முடிவுக்குத் தன் சமன்பாடுகள் வழியே வந்த நூல் அது. அப்படியொரு வேரிலிருந்து முளைத்த விளையாட்டில் சமன்பாடுகள் நடுநிலையானவை என்று எண்ணுவது அப்பாவித்தனம்.

ரைட் குறிப்பிட்ட இன்னொரு தூண்டுதல் இலக்கிய வாசகர்களுக்குச் சுவையானது. போலந்து எழுத்தாளர் ஸ்தானிஸ்லாவ் லெம் எழுதிய ‘சைபீரியட்’ தொகுப்பில் ஒரு கதை. நாடு கடத்தப்பட்ட கொடுங்கோல் மன்னன் ஒருவனுக்கு, பொழுதுபோக்காக ஆண்டு களிக்கப் பெட்டிக்குள் அடங்கும் ஒரு குட்டி நாட்டைச் செய்துகொடுக்கிறான் எந்திரக் கலைஞன் ஒருவன். பெருமையோடு நண்பனிடம் சொல்ல, நண்பன் திகைத்துப் போகிறான். அந்தப் பெட்டிக்குள் அழுபவர்கள் அழுவதுபோல் நடிக்கிறார்களா, உண்மையில் அழுகிறார்களா என்று எப்படிப் பிரிப்பாய் என்பது அவன் கேள்வி. லெம் கொடுங்கோன்மையைப் பற்றி எழுதினார். ரைட் அதிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதையிலிருந்த கேள்வி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. 2010இல் வின்சென்ட் ஒகாஸ்லா என்ற பிலிப்பைன்ஸ் கட்டடக்கலை மாணவர் ‘சிம்சிட்டி 3000’இல் ‘மாக்னசான்டி’ என்ற நகரைக் கட்டிக் காட்டினார். 60 இலட்சம் மக்கள், எங்கும் ஒரே வார்ப்பு அடுக்ககங்கள், மூலைக்கு மூலை காவல் நிலையம், முதுமையைக் காணாமல் இறக்கும் குடிகள். விளையாட்டின் விதிப்படி அது முழு வெற்றி. வெற்றியைக் காட்டியே விதியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய நையாண்டி அது. இவ்வளவு கூர்மையான அங்கதத்தைத் தமிழ்ச் சிறுகதையில் அண்மையில் எத்தனை படித்தோம் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

2000களின் தொடக்கத்தில் மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டைச் சந்துகளில் இருந்த பிரவுசிங் சென்டர்களில் ‘சிம்சிட்டி’ ஆடியவர்கள் குறைவுதான். அங்கே ‘கவுண்டர் ஸ்டிரைக்’கும் ‘வைஸ் சிட்டி’யும் ஆட்சி செய்தன. மணிக்குக் கட்டணம் செலுத்துபவன் நகரம் வளரும் வரை காத்திருப்பானா? ரிச்சி தெருவில் வாங்கிய குறுந்தகட்டை வீட்டுக் கணினியில் போட்டு ஆடிய என்னைப் போன்ற சிலருக்கு அது விசித்திரமான அனுபவம். திரையில் ஆற்றங்கரையோரம் பச்சைக் கட்டங்களைத் தீட்டுவோம், சன்னலுக்கு வெளியே ஏரியோரம் கல் நட்டுக்கொண்டிருப்பார்கள். ‘சிம்சிட்டி’யில் நிலம் எப்போதும் வெற்று நிலம். நீங்கள் வருவதற்கு முன் அங்கே யாரும் இல்லை. மிராசுதாரரும் இல்லை, அவர் நிலத்தில் உழுதவரும் இல்லை, பட்டாவும் புறம்போக்கும் இல்லை. ஏரிப் பாசனம் இருந்ததென்ற நினைவும் இல்லை. குடியேற்ற நாடு ஒன்றில் பிறந்த விளையாட்டு தன் நாட்டை அப்படித்தான் கற்பனை செய்யும் போலும்.

வெள்ளமும் அதில் உண்டு. தீ, சூறாவளி, நிலநடுக்கம், பெருவிலங்கு ஆகியவற்றோடு பேரிடர்ப் பட்டியலில் ஒன்றாக அது வரும். பட்டியலிலிருந்து வரும் வெள்ளத்திற்கு நகரத்தை எப்படிக் கட்டினோம் என்பதோடு உறவில்லை, அது தற்செயல். 2015 டிசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்றின் மேற்பகுதியில் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து வந்த நீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. மாடியில் ஏறி நின்றவர்களைப் படகில் வந்து மீட்டார்கள். அத்தனை மழை எந்த ஊரையும் திணறடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் போய்த் தங்குவதற்கு வழிவழியாக விட்டுவைத்த பள்ளங்களில் வீடுகள் இருந்தன என்பதும் உண்மை. ஒரு காலத்தில் பரந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய பின்னரே, 2022இல், ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஊர்ப்பெயர்களில் ஏரிக்கரையும் தாங்கலும் இன்னும் இருக்கின்றன, பெயரில் மட்டும்.

விதி எதைச் சேர்த்துக்கொள்கிறது என்பதைப் போலவே எதை விட்டுவிடுகிறது என்பதும் அரசியல். 2013ஆம் ஆண்டு வெளியான ‘சிம்சிட்டி’யில் உண்மை அளவில் வாகன நிறுத்துமிடங்களை வைத்தால் நகரம் முழுவதும் அதுவாகவே இருந்துவிடும் என்பதால் தவிர்த்தோம் என்று அதன் வடிவமைப்பாளர் வெளிப்படையாகவே சொன்னார். அதே விளையாட்டில் வீடற்றவர்கள் பூங்காக்களில் வந்து தங்கினார்கள். அவர்களை எப்படி விரட்டுவது என்று ஆட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக ஆலோசனை பரிமாறிக்கொண்டார்கள். மத்தேயோ பித்தாந்தி என்ற இத்தாலியக் கலைஞர் அவ்வுரையாடல்களைத் தொகுத்து நூலாகவே போட்டுவிட்டார். பெயர்களை நீக்கிவிட்டுப் படித்தால் ஏதோ ஒரு நகராட்சிக் கூட்டத்தின் குறிப்பு என்று நம்பிவிடலாம்.

இதற்கு நேர் எதிரான முயற்சி ‘சிம்சிட்டி’க்கு நான்கு ஆண்டுகள் முன்பே நடந்திருக்கிறது. 1985இல் இன்ஃபோகாம் நிறுவனத்துக்காக ஸ்டீவ் மெரட்ஸ்கி எழுதிய ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ படமே இல்லாத, முழுக்க எழுத்தாலான விளையாட்டு. அதில் நீங்கள் ஒரு கணினி அறிவு. செனட்டர் ஒருவர் முன்வைக்கும் வரிக்குறைப்பு, கட்டுப்பாட்டு நீக்கம், கல்வியில் மதம் என்ற பெருந்திட்டம் நடைமுறைக்கு வந்தால் ராக்வில் என்ற சிறுநகரம் என்னவாகும் என்பதை உருவகப்படுத்தி உங்களை அதற்குள் அனுப்புகிறார்கள். பத்தாண்டுக்கு ஒரு முறை அதே தெருக்களில் நடக்கிறீர்கள். முதல் பயணத்தில் எல்லாம் நலம். அடுத்ததில் ஒரு கடை மூடியிருக்கிறது. அதற்கடுத்ததில் காவலர்கள் வீட்டுக்குள் வருகிறார்கள். வெல்வதற்கு அங்கே பெரும்பகுதி நேரம் எதுவும் இல்லை. பார்ப்பதும் பதிவு செய்வதும்தான் வேலை. ரேகன் ஆட்சியின் மீதான நேரடி விமர்சனம் அது. ஒரு மேயரின் உயரத்திலிருந்து பார்க்கும் நகரத்திற்கும் ஒரு நடைபாதையிலிருந்து பார்க்கும் நகரத்திற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் ஆடியதில்லை. புறநகரில் வளர்ந்தவர் எவருக்கும் அந்தப் பத்தாண்டுத் தாவல் புதிதாக இராது.

பின்னால் வந்த புகழ்பெற்ற உருவகங்களை நான் சற்றுக் குறைவாகவே மதிக்கிறேன். ‘ஃபைனல் ஃபேண்டசி 7’ (1997) மேல்தட்டில் செல்வரையும் கீழே சேரியையும் வைத்த மிட்கார் நகரைக் கட்டியது. ‘பயோஷாக்’ (2007) அயன் ராண்டின் தத்துவத்தைக் கடலுக்கடியில் மூழ்கடித்தது. இரண்டும் அழகு. ஆயினும் கதை சொல்வது ஒன்று, கை செய்வது வேறொன்று. கை பெரும்பாலும் சுட்டுக்கொண்டோ வெட்டிக்கொண்டோதான் இருக்கிறது. லூகாஸ் போப் தனியொருவராகச் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) இந்தப் பிளவை மூடியது. கற்பனைப் பொதுவுடைமை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நீங்கள் முத்திரை குத்தும் எழுத்தர். தாளில் பிழை இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். இரக்கப்பட்டு விட்டால் தண்டம். மாலையில் கூலியை எண்ணி உணவா, கணப்பா, மருந்தா என்று முடிவு செய்ய வேண்டும். கொடுங்கோன்மை என்பது கொடியவர்களால் மட்டும் ஆனதன்று, வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட எழுத்தர்களாலும் ஆனது என்பதை அங்கே யாரும் வசனமாகப் பேசுவதில்லை. உங்கள் கையே செய்கிறது. பெயர் மாற்றத்திற்காக அலுவலகப் படியேறிய எவரும் சாளரத்தின் மறுபக்கம் உட்கார்ந்து பார்க்க வேண்டிய ஆட்டம்.

நம் நாட்டில் இந்த வழியில் துணிந்த முயற்சி, பைரோடாக்டில் குழு 2014இல் வெளியிட்ட ‘அன்ரெஸ்ட்’. பழைய இந்தியாவைப் போன்றதொரு கற்பனை உலகில், பஞ்சம் பீடித்த பீம்ரா என்ற நகரம். வீரனோ அவதார புருஷனோ நாயகன் அல்லன். விருப்பமில்லாத திருமணத்தை எதிர்நோக்கும் உழவர் வீட்டுப் பெண் உட்படச் சாதாரண மனிதர்கள் சிலரை மாறிமாறி ஏற்று ஆடுகிறோம். வாள் எடுக்கலாம், எடுத்தால் பெரும்பாலும் சாகலாம். பேச்சுதான் ஆயுதம், யாரிடம் யார் எப்படிப் பேசலாம் என்பதைச் சாதியும் பதவியும் முன்பே எழுதி வைத்திருக்கின்றன. ஆட்டமாக அது தடுமாறும் இடங்கள் உண்டு. வரைகலையும் எளியது. ஆயினும் புராணத்தை எடுத்துப் போர்க்காட்சியாக்கும் வழக்கத்திலிருந்து விலகி, சாதியை ஓர் ஆட்டவிதியாக வைத்துப் பார்த்த துணிவுக்காக அது நினைக்கப்பட வேண்டும்.

தமிழுக்கு வந்தால் ‘வெண்பா’. டொராண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. அடுத்த ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தேர்வாயிற்று. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த தம்பதியர் வெண்பா, பாவலன். அவர்கள் மகன் கவின். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சமையல் விளையாட்டு என்று சொன்னால் எளிமையாகத் தோன்றும். தாய் எழுதித் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்த படியை ஊகித்தால்தான் பண்டம் வரும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே முதல் புதிர்: கீழ்த்தட்டின் இட்லிக்கு மேல் மேல்தட்டின் துளை வரவேண்டும், குழி வரக்கூடாது. நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அறிந்துவைத்திருக்கும் செய்தி, அங்கே விடுகதையாகி விடுகிறது. மகன் வளர்ந்து அந்த ஏட்டைத் திறக்கும்போது சிக்கல் வேறு. தாள் கிழிந்ததைவிட அவன் தமிழ் கிழிந்திருக்கிறது.

இதில் உருவகம் என்று பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. சமூக விமர்சனம் மட்டும் உண்டு, அதுவும் அடங்கிய குரலில். தகுதிக்கேற்ற வேலை கிடைக்காத பெற்றோர், பள்ளியில் தன் பெயருக்கும் உணவுப் பெட்டிக்கும் கூசும் பிள்ளை, தெருவில் காத்திருக்கும் நிறவெறி. உரையாடலில் எந்த விடையைத் தேர்ந்தாலும் மகன் விலகித்தான் போவான். ஆடுபவருக்குத் தேர்வு இருப்பதுபோல் காட்டி, தேர்வு இல்லாமையை உணரவைப்பது இங்கே விதியின் வேலை. ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கனடாவின் தமிழர் வரலாறு பெருமளவுக்கு 1983க்குப் பின் அங்கு சென்ற ஈழத்தமிழரின் வரலாறு. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்தவர்கள் 155 பேர். ‘வெண்பா’வின் குடும்பம் திரும்பிச் செல்ல ஊர் உள்ள குடும்பம். திரும்ப முடியாதவர்களின் சமையலறை இன்னும் எழுதப்படக் காத்திருக்கிறது.

அந்த மூன்று பெயர்களையும் கவனியுங்கள். வெண்பா, பாவலன், கவின். வடமொழிப் பெயர்களே வழங்கிய வீடுகளில் இத்தகைய பெயர்கள் புழங்கத் தொடங்கியது ஓர் அரசியல் நிகழ்வு. அதன் ஊற்றுகளில் ஒன்று நம் பல்லாவரம். 1911 முதல் அங்கு வாழ்ந்த சுவாமி வேதாசலம், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி மறைமலையடிகள் ஆனார். பிள்ளைகளின் பெயர்களையும் தமிழாக்கினார். தாம்பரத்திலிருந்து ரயிலில் மூன்று நிலையம் தள்ளி நடந்த ஒரு பெயர் மாற்றம், ஒரு நூற்றாண்டு கழித்து டொராண்டோவில் ஒரு கணினித் திரையில் பாத்திரப் பெயராக நிற்கிறது. கவினின் வகுப்புத் தோழர்களுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை, அவனும் அவர்களுக்காக அதைச் சுருக்கிக்கொள்கிறான்.

மேகியின் இரண்டு விதிகளோடு, மிராசும் புறம்போக்கும் ஏரியும் உள்ள பலகை ஒன்றை இங்கே யாராவது வரைந்தால், கட்டங்களுக்கு ஊர்ப்பெயர் தேட வேண்டியிராது. முடிச்சூரும் செம்பாக்கமும் சிட்லபாக்கமும் வரிசையாக இருக்கின்றன. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். முதல் கட்டத்தில் எதை எழுதுவது என்பதில்தான் எனக்குத் தயக்கம். ‘வெற்று நிலம்’ என்று எழுத முடியாது.